புள்ளிமானுக்கு எத்தனை கிராம்

திண்டிவனம் மார்க்கெட்டில் பரிமளாவிடம் மீன் வாங்குகிறவர்கள் வாயை அடக்கிக்கொண்டுதான் வாங்குவார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது நேற்றைய மீனா என்று யாராவது மூஞ்சியைச் சுளித்தால் போதும், உங்க மூஞ்சி மட்டும் இன்னிக்குப் புடிச்சதா என்று கேட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு உச்சி வெயிலில், சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டுப் பேச்சற்று நின்றாள். பக்கத்தில் கடை போடும் பாஞ்சாலி தன் போனை அவள் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தாள்.

போனில் ஒரு படம். பரிமளாவின் வீட்டுக்காரன் வேணு, சட்டை இல்லாமல், ஒரு சுவர் ஓரமாகத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் ஈயக்குண்டுகளைக் குவித்திருந்தார்கள். பின்னால் காக்கி உடுப்பில் நாலைந்து பேர், புலியைப் பிடித்துவிட்டவர்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். படத்துக்கு அடியில் ‘புள்ளிமான் வேட்டைக் கும்பல் சிக்கியது, துப்பாக்கிக் குண்டுகள் பறிமுதல்’ என்று போட்டிருந்தது.

கும்பலாம். உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளும், கெளுத்தி முள் குத்தினால்கூட ஆ என்று வாய் திறக்காத ஆள். மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கிற அவர்கள் குப்பத்தில் வேணுவுக்கு எதிரி என்று ஒருவன் கிடையாது. காலையில் முதல் பஸ் பிடித்து விழுப்புரத்துக்குப் போனவன். அங்கே ஒரு காயலாங்கடையில் பழைய ஈயத்தை உருக்கி, வலைக்குக் கட்டுகிற குண்டாக அச்சில் ஊற்றித் தருவார்கள். வலையின் மேல் கயிற்றில் மிதப்பு, கீழ்க் கயிற்றில் குண்டு. குண்டு இல்லாவிட்டால் வலை தண்ணீரில் நிற்காது, அலசப் போட்ட துணி மாதிரி அலைந்துகொண்டிருக்கும். அந்தக் குண்டை வாங்கிக்கொண்டு திரும்பியவனைத்தான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பிடித்து, இழுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார வைத்திருந்தார்கள்.

பரிமளா மீனைப் பாஞ்சாலி பக்கம் தள்ளிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், அவனை வைத்திருந்த ஒலக்கூர் ரோட்டுக் கட்டடத்துக்கு ஆட்டோ ஏறினாள். கவிச்சி அடிக்குது என்று ஆட்டோக்காரன் முனகினான். அடிக்கட்டும் என்றாள்.

கொஞ்ச நாளாகவே அந்தப் பக்கத்தில் மான் செத்துக்கொண்டிருந்தது உண்மைதான். காட்டை விட்டு, நிலக்கடலை போட்டிருக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கு மேய வருகிற மானை யாரோ இருட்டில் சுட்டு, கறியை எடுத்துக்கொண்டு, தலையையும் தோலையும் கொல்லையிலேயே வீசிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு விடியற்காலையிலும் ஒரு தலை கிடந்தது. ஏற்கெனவே பேப்பரில் வந்து, மேலிடத்திலிருந்து ஏச்சும் வந்து, இதற்கென்றே ஒரு தனிப்படை போட்டிருந்தார்கள். தனிப்படைக்கு மணிமாறன் என்று ஒரு அதிகாரி. அவர்கள் தங்குவதற்குக் கட்டடம் கொடுத்தவர் அன்புச்செல்வன் என்கிற மாந்தோப்புக்காரர்.

இந்த அன்புச்செல்வனுக்குக் குடித்தனம் சென்னையில், தோப்பும் தோப்புக்குள் பங்களாவும் இங்கே. கோடையில் மான்கள் தாகத்தில் சாகக்கூடாது என்று தோப்பு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிவைத்த புண்ணியவான். தொட்டிக்குப் பக்கத்தில் பிளக்ஸ் போர்டு, அதில் மான்குட்டியைத் தடவிக்கொண்டு அவர் சிரிக்கிற படம். மான் போர்டைப் படித்துவிட்டா தண்ணீர் குடிக்கிறது? படிக்கவேண்டியவர்கள் படித்துக்கொண்டார்கள். தனிப்படை இருந்த கட்டடத்தின் வராந்தாச் சுவரிலும் அதே படம் தொங்கியது.

பரிமளா உள்ளே நுழைந்தபோது வேணு அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான். சட்டையைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பட்டன் போட அவனுக்குத் தோன்றவில்லை. கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு முன்னால் பையைத் தலைகீழாகக் கொட்டினார்களாம். மீசை முளைக்காத ஒரு காக்கி, டேய் எழுந்திருடா, டேய் உட்காருடா என்று ஆட்டிவைத்தானாம். அடித்ததைக்கூட விடு, அந்த டேய்தான் தாங்கவில்லை என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

மணிமாறன் டீ குடித்துக்கொண்டிருந்தார். பரிமளா கும்பிட்டுவிட்டு மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். இது வலைக்குக் கட்டுகிற குண்டு, நடுவில் கயிறு போக ஓட்டை இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று ஒன்றை எடுத்து நீட்டினாள். போன வாரம்தான் அவளிடம் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனவர் அவர். எந்தக் கடல், என்ன வலை என்றெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டவர். இப்போது அவளை ஜென்மத்தில் பார்த்ததே இல்லாதவர் மாதிரி, ஓட்டையை அடைத்துவிட்டால் துப்பாக்கிக்கு ஆகும் என்றார். அப்படியானால் துப்பாக்கி எங்கே என்று கேட்டாள். அதைத்தானே உன் புருஷன் சொல்ல மாட்டேன் என்கிறான் என்றார்.

பிறகு, சாட்சி அவன் போனிலேயே இருக்கிறது, கேட்டுக்கொள் என்று வேணுவின் போனை எடுத்து மேஜைமேல் வைத்து அழுத்தினார். பரிமளாவின் அண்ணன் கொளஞ்சி பேசி அனுப்பியிருந்தது. கொளஞ்சியின் குரல் எப்போதுமே சண்டைக்குக் கூப்பிடுகிற குரல்.

“மச்சான், புள்ளிமானுக்கு லேசான குண்டா வாங்கிக்கினு வந்துடாத. போன வாட்டி அப்பிடித்தான் லேசா போட்டு ஒண்ணும் விழல. நாப்பது கிராமுக்குக் கொறையாம பாத்து எடு. ஜல்தி வா, இன்னிக்கு ராவே போயிடலாம்.”

குரல் முடிந்ததும் அங்கிருந்த காக்கிகள் எல்லாரும் பரிமளாவைப் பார்த்தார்கள். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடப் பாவிகளா, இதுக்கா இந்தப் பேஜாரு என்று சிரித்தேவிட்டாள். புள்ளிமான் என்பது அவர்களுடைய படகு. கொளஞ்சியும் வேணுவும் கூட்டாக வாங்கிய பைபர் படகு. பெயிண்ட் அடிக்கப் புதுச்சேரியிலிருந்து வந்தவனிடம் முகப்பில் ஒரு சுறா வரையச் சொன்னார்கள். வரைந்து முடித்தபோது அது கத்திரிக்காய் மாதிரி இருந்தது. எனக்கு மான்தான் நன்றாக வரும் என்றான் அவன். வருவதை வரைந்து தொலை என்று விட்டார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புள்ளிமான் துள்ளிக்கொண்டு வந்து நின்றது. குப்பத்தில் அதுவே படகுக்குப் பேராகிவிட்டது. விழவில்லை என்றால் வலையில் மீன் விழவில்லை. கடற்கரையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

அவள் இதையெல்லாம் சொல்லச் சொல்ல மணிமாறன் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அவர் நம்பாமல் இல்லை, அதுதான் கொடுமை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று பரிமளாவுக்குத் தெரிந்தது. ஆனால் படம் எடுத்தாகிவிட்டது, ஊர் பூரா அனுப்பியாகிவிட்டது, மேலதிகாரி சபாஷும் சொல்லியாகிவிட்டது. இனிமேல் வேணு வேட்டைக்காரனாக இருந்தே தீரவேண்டும். சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் ஆள் நேரே ஜெயிலுக்குப் போய்விடுவான். மான் கேஸில் லேசில் ஜாமீன் கிடைக்காது. வெளியே வரும்போது மான் திருடன் என்கிற பேர் நெற்றியில் ஒட்டியிருக்கும். இளிச்சவாயன் கிடைத்தால் மிளகாய் அரைக்க இவர்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

மணிமாறன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அப்புறம் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“போட்டுக்குப் பேரு புள்ளிமானாம். அப்ப ஒண்ணு பண்ணு. போயி அந்தப் புள்ளிமானை இட்டுக்கினு வந்து வாசல்ல நிறுத்து. கண்ணால பாத்துட்டு உன் புருஷனை உட்டுடறேன்.”

காக்கிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் நக்கலுக்குத்தான் சொன்னார் என்று பரிமளாவுக்குத் தெரியாதா? மூக்கில் மிளகாய்ப் பொடி ஏறின மாதிரி இருந்தது. வேணுவின் கன்னத்தை ஒரு தடவை பார்த்தாள்.

“நிறுத்தறேங்க,” என்றாள். “சொன்ன வாக்கு மாறாதீங்க.”

வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கொளஞ்சிக்குப் போன் போட்டாள். அவனும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போயிருந்தான். தன் குரல்தான் மச்சானை மாட்டிவைத்தது என்று கேட்டதும் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். வக்கீலைப் பார்க்கலாம், கட்சிக்காரர் யாரையாவது பிடிக்கலாம், நான் மட்டும் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றான். பேசும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி பேசத் தெரிந்ததல்லவா, இப்போது மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று பரிமளா போட்ட போட்டில், அவன் ராயப்பனின் லாரியைச் சொல்லிவைத்துவிட்டான். ரிப்பேருக்குப் படகு ஏற்றிக்கொண்டு போகிற லாரி அது. அவள் பஸ்ஸில் குப்பத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் லாரி மணலுக்கு வந்து நின்றிருந்தது.

குப்பமே கைகொடுத்தது. ஏலேலோ போட்டுத் தூக்கிப் புள்ளிமானை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். படகின் முகப்பு லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படகுக்குள் பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். எதற்கு நீங்கள் எல்லாரும் என்று கேட்டால், வேணுவைத் திருடன் என்றவன் மூஞ்சியைப் பார்க்கவேண்டும் என்றார்கள். பரிமளா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உப்பளம் எல்லாம் தாண்டி வண்டி மேற்கே திரும்பின பிறகுதான் அவளுக்கு லேசாக உதறல் எடுத்தது. ஆபீஸர் சொன்ன நக்கலை நம்பிப் படகைத் தூக்கிக்கொண்டு போகிறோமே, போய் நின்றதும் எல்லாரையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டால் என்ன செய்வது? ராயப்பனிடம் கேட்டாள். தள்ளினால் படகோடுதான் தள்ளவேண்டும், அந்த அளவுக்கு உள்ளே இடம் இருக்காது என்றான் அவன். அது என்னவோ அவளுக்குத் தெம்பாக இருந்தது.

திண்டிவனத்துக்குள் படகு நுழைந்ததும் ஜனங்கள் கடைகளை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். ரோட்டில் படகு போனால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? மார்க்கெட் முனையில் பாஞ்சாலி கையைக் காட்டி நிறுத்தி, நாலு மீன்காரிகளோடு ஏறிக்கொண்டாள். மேம்பாலத்தில் பின்னால் பைக்கில் வந்தவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள். இந்தப் போட்டைத்தான் துப்பாக்கியால் சுட்டார்களாம், இதைச் சுட்டவனைத்தான் பிடித்துவைத்திருக்கிறார்களாம் என்று பெண்கள் மேலே இருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒலக்கூர் ரோட்டில் திரும்பும்போது லாரிக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே இருந்தது.

தனிப்படைக் கட்டடத்தின் வாசல் வளைவு தாழ்வானது. லாரி உள்ளே போகாது. ராயப்பன் வண்டியை வாசலுக்குக் குறுக்கே போட்டு நிறுத்தினான். மதில் சுவருக்கு மேலே படகின் முகப்பு நீண்டு நின்றது. புள்ளிமான் அதில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. பரிமளா லாரிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள்.

உள்ளே ஒரு விசேஷம் நடந்துகொண்டிருந்தது. வளாகத்தில் பெரிய வெள்ளைக் கார் ஒன்று நின்றது. வேட்டைக் கும்பலைப் பிடித்த வீரர்களுக்குச் சால்வை போர்த்த அன்புச்செல்வன் வந்திருந்தார். சென்னைக்குக் கிளம்பினவர், போகிற வழியில் இறங்கிப் பாராட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். மணிமாறன் கழுத்தில் பச்சைச் சால்வை. வராந்தாவில் மின்விசிறிக்கு அடியில் அன்புச்செல்வனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் வேணு.

பரிமளா படிக்கு முன்னால் போய் நின்றாள். “சார், புள்ளிமான் வந்திருக்குதுங்க. பாத்துட்டு எங்கூட்டுக்காரரை உடுங்க.”

அவளுக்குப் பின்னாலேயே ஜனமும் உள்ளே வந்துவிட்டது. மணிமாறன் மதில் மேல் நின்ற மானைப் பார்த்தார். சால்வையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், உடனே எல்லாரும் சிரித்தார்கள். போன்கள் எல்லாம் அவரைப் பார்த்து நிமிர்ந்தன. அப்போதாவது மனுஷன் ஒரு வார்த்தை, தப்பாகிவிட்டது, கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. படகு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பேரை வைத்து ஏமாற்றுகிறார்கள், பிடிபட்டது குண்டு, அது நாற்பது கிராம், மானைக் கொல்லவென்றே கனமாகப் பார்த்து வாங்கிய குண்டு என்று சத்தம் போட்டார். பேப்பரிலிருந்து ஒன்றை எடுத்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். பெரிய மிருகத்தை அடிக்கக் கனமான குண்டுதான் வேண்டும், இதுகூடவா தெரியாது என்றார்.

நாற்காலியில் இருந்த அன்புச்செல்வன் அதுவரை டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டதும் அவருக்குத் தாங்கவில்லை. சமைக்கத் தெரியாதவன் சாம்பாரில் வெல்லத்தைக் கொட்டுவதைப் பார்த்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். மணிமாறன் கையிலிருந்த குண்டை வாங்கி உள்ளங்கையில் போட்டுத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன மணிமாறன், நாப்பது கிராமுங்கறீங்க. அது யானைக்குப் போடறதுய்யா. மானுக்குப் பத்து கிராம் போதும். அதுக்கும் லேசா இருந்தா உள்ள போய் செதறி, கறி பூரா வீணாப் போயிடும். ரொம்பக் கனமா இருந்தா இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும். மான் ஓடிப்போய்க் கரும்புக்குள்ள விழும். அப்புறம் டார்ச்சை வச்சிக்கிட்டு யாரு தேடறது? பத்துதான் கரெக்ட்டு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? திருடினதை மறைக்கத் தெரிந்த மனுஷனுக்கு, திருடத் தெரியும் என்கிற பெருமையை மறைக்கத் தெரியவில்லை. பரிமளாதான் கேட்டாள்.

“சாரு மானுக்குத் தண்ணி ஊத்தறவரு. கறி வீணாவறதைப் பத்தி சாருக்கு இன்னாத்துக்குக் கவலை?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன் என்றார் அன்புச்செல்வன். எந்தப் புத்தகத்தில் டார்ச்சு வைத்துக்கொண்டு கரும்பில் தேடச் சொல்லியிருக்கிறது என்று பாஞ்சாலி கேட்டாள். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் வாட்சைப் பார்த்தார், நேரமாகிவிட்டது என்றார், நேரே போய்க் காரில் ஏறினார். ஏறி என்ன செய்ய? வாசலுக்குக் குறுக்கே புள்ளிமான் நிற்கிறது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். மணிமாறன் ஓடிவந்து லாரியை எடுக்கச் சொல்லி ராயப்பனை அதட்டினார். சாவி என்னிடம் இல்லை என்று ராயப்பன் இரண்டு கையையும் விரித்தான்.

சாவி இருக்கிற இடத்தைப் பரிமளா இடுப்பில் தட்டிக் காட்டினாள். ஆனால் எடுக்கவில்லை. மணிமாறனிடம் அவள் கேட்டது ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டில் சந்தேகம் என்று எங்கள் பையைக் கொட்டிப் பார்த்தீர்கள். இப்போது இத்தனை பேர் காது கேட்க ஒருத்தர் மானைச் சுடுகிற பக்குவம் சொன்னார். அவருடைய வண்டியையும் அதே மாதிரி நாலு பேர் முன்னால் திறந்து காட்டுங்கள், சுத்தமாக இருந்தால் நானே காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு லாரியை எடுக்கச் சொல்கிறேன். ஞாயம்தானே என்று ஜனங்கள் சொன்னார்கள். திறங்க, திறங்க என்று படகிலிருந்து பெண்கள் சொன்னார்கள்.

மணிமாறனுக்கு வியர்த்துவிட்டது. அவர் குடியிருக்கிற கட்டடம் அன்புச்செல்வனுடையது, கழுத்தில் போட்டிருந்த சால்வை அன்புச்செல்வனுடையது. மறுபக்கம் கை உயரத்துக்குப் போன்கள். காருக்குப் பக்கத்தில் குனிந்து, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார், சும்மா பேருக்கு ஒரு தடவை சார் என்று கெஞ்சினார். ஒரு மீன்காரி பேச்சைக் கேட்டு என் காரையா, என் இடத்திலேயே வைத்தா என்று அன்புச்செல்வன் எகிறினார். எகிறினாரே தவிர, திறந்து பார்த்துக்கொள் என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அதை எல்லாரும் கவனித்தார்கள். மணிமாறனும் கவனித்தார். கையை ஜன்னலுக்குள் விட்டுச் சாவியை அவரே எடுத்தார்.

டிக்கிக்குள் ஒரு தெர்மாகோல் பெட்டி இருந்தது. பரிமளாவுக்குத் தினமும் ஐஸ் வைத்து மீன் வருமே, அதே பெட்டி. ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்து மூடியைத் தூக்கினார்கள். ஐஸுக்கு நடுவில் பிளாஸ்டிக் கவர்களில் சிவப்பாகக் கறி. மேலாக, சூப்புக்கு என்று எடுத்துவைத்திருந்த நாலு கால்கள், சின்னச் சின்னக் கறுப்புக் குளம்போடு. வேலியே பயிரை மேய்ந்திருந்தது. படகிலிருந்து யாரோ ஒரு பெண், ஐயோ பாவம் என்றாள்.

மணிமாறன் மூடியைத் திரும்ப மூடினார். அன்புச்செல்வன் பக்கத்தில் போனார்.

“என்ன சார் இது?” என்று ரகசியம் மாதிரி கேட்டார். “உள்ள வந்து உக்காருங்க சார். பொறுமையா பேசிக்கலாம்.”

கூட்டிக்கொண்டு போய் அதே நாற்காலியில் உட்கார வைத்தார். மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார். தண்ணீர் பாட்டில் வந்தது. அப்புறம்தான் அவருக்குத் தரையில் இருந்தவன் ஞாபகம் வந்தது. கால் விரலால் ஈயக்குண்டுகளை வேணு பக்கம் நகர்த்தினார்.

“டேய், உன்னை உட்டாச்சு. எடுத்துக்கினு போடா.”

பரிமளாவுக்கு மத்தியானத்திலிருந்து வராத அழுகை அப்போது வந்துவிட்டது. ஜெயில் இல்லை, கேஸ் இல்லை, வீட்டுக்காரன் வீட்டுக்கு வரப்போகிறான். இதற்காகத்தானே படகைத் தூக்கிக்கொண்டு வந்தது, வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? லாரியை எடுக்கலாமா என்று ராயப்பன் வாசலிலிருந்து கேட்டான். அவள் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தாள். எடுத்தவள் அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராகப் படியேறி மணிமாறன் முன்னால் போய் நின்றாள்.

“வலைக்கு ஈயம் வாங்கினவருக்கு டேய். மானை அறுத்துப் பொட்டியில போட்டவருக்கு இப்பவும் சாரு, நாக்காலி, காத்து. இன்னா ஞாயங்க இது?”

மணிமாறன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

“பஸ் ஸ்டாண்டுல ஊரு பாக்க டா போட்டுக் கூப்ட்டீங்க. இங்க ஊரு பாக்க, எங்கூட்டுக்காரரைப் பாத்து எழுந்திருங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்பத்தான் புள்ளிமான் நவுரும்.”

மணிமாறன் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. வாசலில் லாரி, லாரிமேல் படகு, படகில் குப்பத்துப் பெண்கள்.

“எழுந்திருங்க,” என்றார்.

வேணு அசையவில்லை. அது பக்கத்து நாற்காலிக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான்.